பாறை மேல் பரப்பிய சாமை

செவ்வாய்க்கிழமை காலை. டீக்கடையில் கிளாஸை வாயில் வைக்கப் போகிறேன். முன்பின் தெரியாத ஒருவர் வந்து என் வலது கையைப் பிடித்துக் குலுக்கினார். கிளாஸ் இருந்த கை அது. பாதி டீயை என் சட்டை குடித்தது.

“நீங்கதானே அந்த சைக்கிள் வீடியோ? மலைக்குப் போயி அந்த ஜனங்களுக்குத் தானியம் மிதிச்சுக் குடுத்துகினு இருந்தீங்களே... சூப்பர் சார்! உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா போதும்!”

நாலு பேரா? நான் ஒருத்தன் செய்ததையே அந்த மலை தாங்கவில்லை ஐயா.

இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? பல்லைக் காட்டிக்கொண்டு, “இருக்கட்டும் சார், நம்மளால ஆனது...” என்றேன்.

நம்மளால ஆனது! அந்த வார்த்தை வாயிலிருந்து வந்தபோதே நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கலாம்.

அன்றிலிருந்து இதே கதை. என் ஜெராக்ஸ் கடைக்கு ஆதார் கார்டு நகலெடுக்க வருகிறவர்கள்கூட என்னைப் பாராட்டிவிட்டுத்தான் கார்டை நீட்டுகிறார்கள். இன்னும் எத்தனை பேரிடம் பல்லைக் காட்டுவது? அதனால் இந்த வாரப் பத்தியில் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

என் கியர் சைக்கிளைப் பற்றி உங்களுக்குத் தெரியும். டாக்டர் ‘நடங்க’ என்றார், எனக்கு நடக்கப் பிடிக்கவில்லை, மச்சான் மகன் வேலூரில் ஓட்டாமல் சும்மா வைத்திருந்ததை ஓட்டிக்கொண்டு வந்தேன். முரட்டு டயர், முன்னால் ஸ்பிரிங். “இத ஓட்டறதுக்கு லைசென்ஸ் வேணுமா?” என்று எங்கள் தெருவில் கேட்டார்கள். எனக்குத் துணை மெடிக்கல் ஷாப் கரீம் பாய். அவர் ஹெல்மெட்டில் ஒரு கேமரா உண்டு. சைக்கிளைவிட அதற்குத்தான் அவர் அதிகம் எண்ணெய் போடுவார்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் சந்தவாசல் தாண்டி மலை அடிவாரம் போனோம். அங்கிருந்து ஓர் ஒற்றையடிப் பாதை ஓடையோடு ஒட்டியே ஏறுகிறது. மலை ஜனங்கள் நடந்து நடந்து போட்ட பாதை. முதலில் புளிய மரங்கள், பிறகு மூங்கில். அதற்கப்புறம் இரண்டு பக்கமும் பாறை எழும்பி, நடுவில் ஓடையும் பாதையும் மட்டும் நெருக்கியடித்துப் போகும் ஓர் இடுக்கு. உருண்டைக் கல்லில் டயர் வழுக்கும். வேர் குறுக்கே வரும். மூச்சு நெஞ்சுக்குள் நிற்காமல் காது வழியாகப் போகும்.

“அண்ணே, இது சைக்கிள் வுடற பாதையா, ஆடு வுடற பாதையா?” என்று பாய் பின்னாலிருந்து கத்தினார்.

“ரெண்டுக்கும் கால் நாலுதான் பாய், வாங்க ஜல்தி!”

கணக்குத் தப்பு என்று சொல்ல அவருக்கு மூச்சில்லை.

ஓடையைக் கடந்தோம். முழங்கால் வரை சேறு. சக்கரத்தில் சேறு, சாணி, இலை எல்லாம் அப்பிக்கொண்டது. அதைத் தாண்டிக் கொஞ்சம் ஏறினால் இடுக்கு முடிந்து வானம் திறக்கிறது. எதிரே அகலமான சமதளப் பாறை. கீழே பள்ளத்தாக்கு முழுக்க, தூரத்தில் ஆறு வளைந்து போகிற தடம் வரை, தெரிகிறது. பாறைக்கு அந்தப் பக்கம் சில வீடுகள்.

பாறையில் மெல்லிசாகச் சாமை பரப்பியிருந்தது. ஓரத்தில் கதிரோடு சாமைத் தாள் கட்டுகள். நாலு மூலையிலும் ஒரு வேப்பிலைக் கொத்து, பறக்காமல் இருக்கக் கல் வைத்து.

இந்த இடத்தில்தான் எங்கள் ஊர்ப் புத்தி வேலை செய்தது.

நம் பக்கத்தில் அறுவடைக் காலத்தில் களம்பூர் ரோட்டில் போயிருக்கிறீர்களா? கொள்ளு, உளுந்து, கேழ்வரகுக் கதிர் எல்லாம் தார் ரோட்டில் கிடக்கும். பஸ், லாரி ஏறி ஏறித் தானியம் உதிரும். ஒதுங்கிப் போனால் விவசாயிக்குக் கோபம் வரும். “மேலயே போயேம்பா, இன்னா, டயர் தேயுதா?” என்பார்கள். மேலே ஏற்றுவதுதான் மரியாதை. அதில் வளர்ந்தவன் நான்.

ஏற்றினேன்.

ஒரு சுற்று போதாதென்று திரும்பி வந்து இன்னொரு சுற்று. “பாய், ஷூட் பண்றீங்களா?” “பண்றேன் பண்றேன், அப்டியே எட்டு போடுங்கண்ணே!” எட்டும் போட்டேன்.

வீட்டுப் பக்கமிருந்து ஓர் அம்மா முறத்தோடு ஓடி வந்தார். “வேணாம் சார்! வேணாம், வேணாம்!”

நம் ஊரில் யாருக்காவது மூட்டை தூக்கிவிட்டால் என்ன சொல்வார்கள்? வேணாம் சார், உங்களுக்கு எதுக்கு சிரமம்... அந்த ‘வேணாம்’ என்றே எடுத்துக்கொண்டேன். “இதுல இன்னாம்மா இருக்கு, ஒரு உதவிதானே!” என்று கையை ஆட்டிவிட்டு, அவர் கண்ணெதிரிலேயே மறுபடி ஒரு சுற்று.

அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

சைக்கிள் நின்றது. அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு கை சாமையை அள்ளினார். விரல் நடுவே ஓடைச் சேறு. அதை முறத்தில் போடலாமா, கீழே போடலாமா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“இது சாமிக்கு எடுத்து வெச்சது சார்.”

அவர் பெயர் பச்சையம்மா. அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புதுச் சாமை வந்தால் அந்த ஊரில் முதலில் சாமிக்குப் பொங்கல். அதன் பிறகுதான் யார் வீட்டிலும் புதுச் சாமையில் உலை ஏறும். பொங்கலுக்குத் தானியம் கொடுப்பது வருஷத்துக்கு ஒரு வீடு. முறை வந்த வீடு தன் நிலத்தில் விளைந்ததை மிதித்து, புடைத்து, காயவைத்து, குத்திக் கொண்டுபோக வேண்டும். இந்த வருஷம் பச்சையம்மா வீடு. அன்று சாயங்காலம் பொங்கல்.

மிதித்து, புடைத்து எல்லாம் முடிந்த தானியத்தைத்தான் நான் மிதித்துக்கொடுத்திருக்கிறேன்.

“கடையில வாங்கிக் குடுத்துடறோம்மா” என்றார் கரீம் பாய், பதறிப்போய்.

“சாமிக்கு எங்க காட்டுல வெளைஞ்சதுதான் வெக்கணும். மிச்சம் எல்லாம் கட்டாக் கெடக்குது. இனிமே அடிச்சு, காயவெச்சு, குத்தி... பொழுது எறங்கிடும்.”

அவர் வீட்டுக்காரர் வந்தார். பாறையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். “மேல் வூட்டுல சொல்லிட்டு வரேன். அவங்க கையில தயாரா இருக்கும்” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

முறை கைமாறிவிட்டது. அவ்வளவுதான். ஊரில் எல்லா வீடும் ஒரு சுற்று வந்த பிறகுதான் இனி இவர்களுக்கு.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். காலேஜ் படிக்கிற வயது. தலைக்குக் குளித்து, புதுத் தாவணி கட்டி, கையில் புதுக் கூடை. கூடை விளிம்பில் மஞ்சள் தடவியிருந்தது. சாமிக்கான சாமையை அதில் தலையில் சுமந்துகொண்டு போகிறவள் அவள்தானாம். பாறையை ஒரு பார்வை பார்த்தாள். கூடையோடு திரும்பி உள்ளே போனாள்.

“எம் பொண்ணுக்கு அடுத்த மாசி கல்யாணம் சார்” என்றார் பச்சையம்மா. “மறுபடி எங்க மொற வரப்போ அது வேற ஊர்ல இருக்கும்.”

எனக்குப் பாறை இரண்டாகப் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. பாறைக்கு என்னைப் பிடிக்கவில்லை, பிளக்கவில்லை.

களம்பூர் ரோட்டுக் கதையை அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“அது வண்டி ஏத்தறதுக்குன்னே போட்டது. இதுல வேப்பில வெச்சிருந்துச்சே சார். பாக்கலியா?”

நீங்களே சொல்லுங்கள். நம் ஆரணியில் காலையில் தெருநீளத்துக்குப் பட்டு நூலைப் பாவாக நீட்டிக் கட்டியிருந்தால், முனையில் ஒரு கல்லோ கழியோ இருந்தாலே போதும், நாம் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறோமா இல்லையா? இறங்காத ஒரு டெலிவரிப் பையனைப் போன மாதம் சட்டையைப் பிடித்து நிறுத்தியவன் நான். ‘அடையாளம் வெச்சிருக்குது, கண்ணு தெரியல?’ என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

பச்சையம்மாவிடம் சொன்னேன்: “பாக்கலம்மா.”

பொய்.

பார்த்தேன். திருஷ்டிக்கு வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். வீடியோவில் என் குரலே இருக்கிறது: ‘இன்னா பாய், வேப்பில எல்லாம் வெச்சிருக்காங்க...’ உங்கள் காதில் விழுந்திருக்காது. பாய் அதன் மேல் பாட்டு போட்டுவிட்டார். நாங்கள் வீடு வந்து சேருவதற்குள் அதை அவருடைய மருமகன் வாங்கி, ‘மலை விவசாயிக்கு உதவும் நம்ம ஊர் அண்ணன்’ என்று எழுதி, ஊர் பூராவும் அனுப்பிவிட்டான். பேஜார்!

பாய் அதை நீக்கச் சொல்லிவிட்டார். ஆனால் எல்லோர் போனிலும் நான் எட்டு போட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

டீக்கடைச் சம்பவத்துக்கு அடுத்து வந்த ஞாயிறு நானும் பாயும் மறுபடி போனோம். இடுக்கைத் தாண்டினோம். பாறை வந்ததும் இறங்கி, செருப்பையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சைக்கிளை ஓரமாகத் தள்ளினோம். பாறையில் ஒரு மணி தானியம் இல்லை.

பச்சையம்மா வாசலிலிருந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஏறியே போங்க சார், இன்னிக்கு வெறும் பாறதான்!”

சைக்கிளைச் சாய்த்துவிட்டு அவரிடம் போனேன். வழி முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை ஒருவழியாகச் சொன்னேன்.

“அன்னிக்குப் பொய் சொல்லிட்டேம்மா. வேப்பிலையப் பாத்தேன்.”

“தெரியும் சார்” என்றார் அவர். “அது மேல மட்டும் படாம வளைச்சு வளைச்சு ஓட்டுனீங்களே.”