ஏழாம் அட்டையில் விழுந்த குண்டு

எங்கள் வீட்டின் கடைக்குட்டியான என் தங்கை எங்களை விட்டுப் பிரிந்து, இந்த நினைவுத் திருப்பலியோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உற்றார் உறவினர்க்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். மரியாதைப் பன்மையில் எழுதும்படி அவளுடைய மகள் கேட்டுக்கொண்டாள். நான்கு வரி எழுதியும் பார்த்தேன். 'தங்கை அவர்கள்' என்று போட்டதுமே அவள் பின்னால் நின்று சிரிப்பதுபோல் இருந்தது. கோட்டாறு சவேரியார் திருவிழாவில் தேர் பார்க்க நான் தோளில் தூக்கிச் சுமந்த பிள்ளை அவள். பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

கோட்டாற்றில்தான் பிறந்தாள். அப்பா ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதி எங்கள் இருவரையும் படிக்கவைத்தார். கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்தவள், முதல் நாள் துப்பாக்கிப் பயிற்சி முடிந்து வந்து, "அண்ணா, அஞ்சு குண்டும் ஒரே இடத்துல கிடக்கு" என்றாள். நான் நம்பவில்லை. மறுநாள் அட்டையையே கொண்டுவந்து காட்டினாள். ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால் ஐந்து ஓட்டைகளும் மறைந்துபோயின.

அதன்பின் எங்கள் வீட்டுக் கூடம் அவளுடையதாயிற்று. சுவரில் ஒரு கறுப்புப் பொட்டை ஒட்டிவைத்து, எதிரே குப்புறப் படுத்து, துப்பாக்கிக் கழகத்தில் இரவல் வாங்கிய, குண்டில்லாத துப்பாக்கியால் குறிபார்ப்பாள். குழலின் நுனியில் ஒரு காசு இருக்கும். விசையை அழுத்தும்போது அந்தக் காசு விழக்கூடாது. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் அப்படியே கிடப்பாள். கன்னத்தில் ஈ உட்கார்ந்து எழுந்து போகும், இவள் அசையமாட்டாள். அம்மா அவளைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டே, "ஏட்டி, உசிரோடதான் கிடக்கியா?" என்பார். காசு விழாமல் பதில் மட்டும் வரும்: "உசிரோடயாக்கும் அம்மா."

ஒரு மனித உடம்பு அவ்வளவு அமைதியாக இருக்க முடியும் என்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஒருநாள் விளையாட்டாக அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன். இரண்டு துடிப்புக்கு நடுவிலுள்ள இடைவெளியில்தான் சுடவேண்டும் என்றாள். "அந்த இடைவெளி எனக்குக் கேக்கும் அண்ணா" என்றும் சொன்னாள். சொந்த இதயத்தின் இடைவெளியைக் கேட்கிற பிள்ளை நம் வீட்டில் பிறந்திருக்கிறதே என்று எனக்குப் புல்லரித்தது. இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

மாநில அணித் தேர்வுக்குச் சென்னைக்கு அவளுக்குத் துணையாக நான் போனேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ரயிலடிக்குப் போகும் பேருந்தில் அந்த நீண்ட பெட்டியைப் பார்த்து ஒரு பெரியவர், "மக்கா, எந்தக் கோயில்ல கச்சேரி? நாதசொரமா?" என்று கேட்டார். "மெட்ராஸ்லயாக்கும் பாட்டா" என்றாள் முகம் மாறாமல். அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் மத்திய அரசு வேலை உறுதி என்று சொல்லியிருந்தார்கள். அப்பா கடைக்கு வந்தவர் போனவரிடமெல்லாம், மகளுக்கு வேலை கிடைத்தாயிற்று என்றே சொல்லிவிட்டிருந்தார்.

இனி நான் எழுதப்போவது உறவினர் யாருக்கும் தெரியாதது.

ஐம்பது மீட்டர் தொலைவில் வரிசையாகக் குறி அட்டைகள் நிற்கும். ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண். தங்கைக்கு எட்டாம் எண். ஏழாம் எண் கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்திக்கு. கடைசி அட்டையில் ஆளுக்குப் பத்துக் குண்டு. சென்னை வெயிலில், தடித்த சட்டைக்குள் வியர்வை ஆறாய் ஓட, தங்கை கடைசிக் குண்டுக்கு முன் எழுந்து முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடி படுத்தாள். சுட்டாள். துப்பாக்கியைக் கீழே வைத்தவள் நிமிர்ந்து எதிரே பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அட்டைகளை மேசைக்குக் கொண்டுவந்து எண்ணினார்கள். தங்கையின் அட்டையில் நடுப்பகுதி சல்லடையாகக் கிழிந்திருந்தது. "ரெண்டு குண்டு ஒரே ஓட்டையில போயிருக்கு" என்று நடுவரே வியந்து பத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டார். அந்தப் புள்ளிக்கு அணியில் இடம் நிச்சயம். ஆனால் ஏழாம் அட்டையில் பதினோரு ஓட்டைகள். கூடுதலாக ஒன்று சுட்டதாக அந்தக் கோயம்புத்தூர்ப் பெண்ணுக்குப் புள்ளியைக் குறைக்கப் போனார்கள். "நான் பத்துதாங்க சுட்டேன்" என்று அவள் அழுதாள். யாரும் நம்பவில்லை.

என் தங்கை மேசைக்கு முன்னால் போய் நின்றாள். "சார், அது எனக்க குண்டாக்கும்."

இந்த இடத்தில் வெளியூர் நண்பர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எங்கள் ஊரில் 'ஆக்கும்' என்றால் உறுதி. வள்ளியூர் தாண்டினால் அதே சொல்லுக்குச் சந்தேகம் என்று பொருளாகிவிடும். நடுவர் வள்ளியூருக்கு அப்பாலுள்ளவர். 'ஒருவேளை என் குண்டாக இருக்கும்' என்று இவள் சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டார். நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தி, "உறுதியாத் தெரியலைன்னா விட்டுடும்மா. சந்தேகத்துக்கெல்லாம் புள்ளியைக் குறைக்க முடியாது" என்றார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதான். அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "ஏட்டி, மிண்டாத இரி, வாயத் தொறக்காத. அவரே வழி காட்டியாச்சி. அப்பாவ நெனச்சுப் பாரு."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை. குறிபார்க்கும்போது முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பிறகு நடுவரிடம் திரும்பி, பாடப்புத்தகத்தை வாசிப்பதுபோல் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: "ஐயா, அது என் குண்டு. ஏழாம் அட்டையை என்னுடையது என்று நினைத்து நான்தான் சுட்டேன். சுட்ட பிறகுதான் எண்ணைப் பார்த்தேன். சந்தேகம் இல்லை."

பத்துப் புள்ளி போயிற்று. அணியும் வேலையும் அத்தோடு போயின. கோயம்புத்தூர்ப் பெண் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் திருநெல்வேலி வரும்வரை அவளோடு பேசவில்லை.

வீட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். "கூடப் போன நீ என்னலே செய்த?" என்று அப்பா என்னைத்தான் கேட்டார். அவள் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "சதி பண்ணிட்டானுவ அப்பா. நம்ம பிள்ளைக்க புள்ளிய எடுத்து அங்கோட்டுள்ள பிள்ளைக்குக் குடுத்துட்டான் அந்த ஆபீசர்." அவளை அப்பாவிடமிருந்து காப்பாற்றவே சொன்னேன் என்று நீண்டநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பாதிதான் உண்மை. மீதிப்பாதி என்னைக் காப்பாற்றிக்கொள்ள.

அடுக்களையில் அவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "எனக்க குண்டுக்கு நான் பதில் சொல்லியாச்சு. இது உனக்க குண்டு. நீயாட்டு சொன்னாத்தான் உண்டு."

அதன்பின் ஒருநாளும் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. மறு ஆண்டு எல்லோரையும்விட அதிகப் புள்ளியோடு அணியில் சேர்ந்தாள். வேலையும் வந்தது. திருமணமாகி, கைக்குழந்தையை ஓய்வறையில் மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வந்து படுத்துச் சுட்டு, தேசியப் போட்டியில் வெள்ளி வாங்கினாள். ஒவ்வொரு பதக்கத்தின்போதும் நம் அத்தை, "அன்னைக்கு அந்தப் பாவி சதி பண்ணாட்டா இவ எங்கேயோ போயிருப்பா" என்று அந்த நடுவரைச் சபிப்பார். அப்பா சாகும்வரை அவரைத் திட்டினார். நானும் சேர்ந்து தலையாட்டினேன். தங்கை எழுந்து காபி போடப் போய்விடுவாள்.

கடைசி ஆண்டில் நுரையீரல் அவளைக் கைவிட்டது. எக்ஸ்ரே எடுக்க மூச்சைப் பிடிக்கச் சொன்னபோது, அந்த நிலையிலும் விடாமல் பிடித்துக்கொண்டே நின்றாள். படம் எடுத்தவர் பதறி, "போதும் அக்கா, விடுங்க, விடுங்க!" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவளும் இருமிக்கொண்டே சிரித்தாள்.

மருத்துவமனையில் ஒரு பிற்பகல் தனியாக இருக்கும்போது சொன்னேன்: "நீ வீட்டுக்கு வா மக்கா. எல்லாரையும் கூட்டிவச்சு அந்த விசயத்தச் சொல்லிப்போடுகேன்."

"நான் வராட்டா?" என்று கேட்டாள்.

அவள் வரவில்லை. அடக்கத்தன்று சொல்ல நினைத்தேன். நாற்பதாம் நாளிலும் நினைத்தேன்.

அவளை இரவு பகலாகக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், கடைசிவரை கையைப் பிடித்திருந்த மாப்பிள்ளைக்கும் மகளுக்கும், பங்குத்தந்தைக்கும், கோயம்புத்தூரிலிருந்து அடக்கத்துக்கு வந்து, யாரென்று சொல்லாமல் கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போன அந்த அம்மையாருக்கும் எங்கள் நன்றி.

பெயர் தெரியாத அந்த நடுவருக்கு என் மன்னிப்புக் கோரிக்கை. அவர் சதி செய்யவில்லை. பொய் சொன்னது நான். அத்தை உட்பட நம் வீட்டில் யாரும் இனி அவரைத் திட்டவேண்டாம்.

இதைச் சொல்ல எனக்கு முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. என் தங்கைக்கு அரை நிமிடம்தான் ஆயிற்று.