முட்டைக்குத் திரும்பிய குஞ்சு

சேந்தமங்கலம் சந்தையில் ஒரு வித்தைக்காரர் வெள்ளை முட்டையைக் கைக்குட்டையால் மூடிக் கோழிக்குஞ்சாக்கிக் காட்டுகிறார். காலையிலிருந்து அவர் கோட்டுப் பையில் கிடந்த குஞ்சு, வாயைப் பிளந்து மூச்சு வாங்குகிறது.

“ஏனுங்க, இது பண்ணை முட்டை. சேவலே இல்லாம எப்படிங்க குஞ்சு வரும்?” என்கிறார் என் பக்கத்தில் முட்டைக் கூடையோடு நிற்கும் ஓர் அம்மா.

“அதுதானுங்க மேஜிக்கு!”

கூட்டம் சிரிக்கிறது. அடுத்து குஞ்சை மறைப்பாராம். என்மேல் சாய்ந்தபடி, யாருக்கும் தெரியாமல் அதை என் துணிப்பைக்குள் போடுகிறார். நான் வாய் திறக்காத ஆள் என்று பார்த்ததுமே தெரிந்திருக்கும்.

அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பி மந்திரம் சொல்கிறார். அதைப் பார்த்துவிட்ட அம்மா என் பைக்குள் கை விடுகிறார்.

“இன்னொரு ஆட்டம் ஆடுனா இது செத்துப் போயிருமுங்க. கம்முனு இருங்க சாமி.”

குஞ்சு கூடைக்குப் போகிறது. ஒரு முட்டை என் பைக்கு வருகிறது.

“குஞ்சு இந்த ஐயா பையில இருக்குது, பாருங்க!”

வித்தைக்காரர் எடுத்துக் காட்டுவது முட்டை. கைதட்டல் அடங்கவே இல்லை. அவர் முட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

“எப்படிங்க?” என்று மெதுவாகக் கேட்கிறார்.



“அதுதானுங்க மேஜிக்கு,” என்கிறேன்.