கோயில் பூட்டிக் கிடந்த பத்து மாதம்

எங்கள் ஊர்க் கோயிலைப் பூட்டியபோது ஆர்மோனியமும் பாட்டு நோட்டுகளும் உள்ளேயே மாட்டிக்கொண்டன. தாசில்தார் பூட்டின் மேல் துணி சுற்றி அரக்கு முத்திரை வைத்தார். இரண்டு போலீஸ்காரர்கள் வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்தார்கள். எண்பதுகளின் நடுவில் ஒரு மே மாதம் அது. புளியமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நோட்டுகளையாவது எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில் இறங்கி இரண்டு மைல் உள்ளே நடந்தால் எங்கள் ஊர். மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு தெரு. இரண்டிலும் இருப்பவர்கள் கிறிஸ்தவர்கள், ஞானஸ்நானம் வாங்கியதும் ஒரே தொட்டியில். ஆனால் திருவிழாத் தேர் மேலத்தெருவை மட்டும் சுற்றிவிட்டுக் கோயிலுக்குத் திரும்பிவிடும். கல்லறைத் தோட்டத்திலும் நடுவே ஒரு சுவர் உண்டு. நான் மேலத்தெரு. ஏன் என்று கேட்காமலே வளர்ந்தவள்.

அந்த வருஷத் திருவிழாவில் கீழத்தெரு ஆட்கள் தேருக்கு முன்னால் வந்து நின்று, எங்கள் தெருவுக்கும் கொண்டு வாருங்கள் என்று கேட்டார்கள். பேச்சு முற்றியது. கல் பறந்தது. எறிந்தவர்களில் என் தம்பியும் ஒருவன்.

பாடகர் குழுவில் நாங்கள் பதினான்கு பேர். எட்டுப் பேர் மேலத்தெரு, ஆறு பேர் கீழத்தெரு. ஊரில் இரண்டு தெருவும் ஒரே பாயில் உட்கார்ந்தது அங்கே மட்டும்தான். ஆர்மோனியம் வாசித்து, இரண்டாம் குரலும் பாடி, குழுவை நடத்தியது நான். வயது இருபத்தாறு, தொடக்கப்பள்ளியில் டீச்சர். முதல் குரல் கீழத்தெருப் பெண் ஒருத்தருடையது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், பட்டுப்புழு வளர்க்கும் ஒரு கொட்டகையில் கூலிக்கு வேலை பார்த்தார். கோயிலுக்குள் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். தெருவில் எதிரே வந்தால் எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டேன்.

கல் பட்டது அவருடைய கணவரின் தலையில். எட்டுத் தையல் போட்டார்கள்.

இரண்டு மாதம் நான் ஒன்றும் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு எல்லாரும் டவுனுக்குப் போக வேண்டியிருந்தது. மேலத்தெரு ஒரு பஸ்ஸில், கீழத்தெரு அடுத்த பஸ்ஸில். அங்கே வேறு குழு பாடியது. எனக்குத் தெரிந்த பாட்டுகள்தான், ஆனாலும் வாய் திறக்கவில்லை. சாயங்காலம் வீட்டில் ஜெபமாலை சொல்லும்போது தம்பியின் குரல்தான் எல்லாரையும்விட உரக்கக் கேட்கும். பிறர் செய்த தீமையைப் பொறுத்துக்கொள்வதைப் பற்றிச் சொல்லும் இடம் வந்தால் என் உதடு ஒட்டிக்கொள்ளும். கடவுள் கேட்கிறாரா என்ற சந்தேகத்தைவிட, கேட்டால் என்ன நினைப்பார் என்ற கலக்கம்தான் எனக்கு அதிகம்.

எங்கள் தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணன் ஒருவர் குழுவில் கீழ்க்குரல் பாடுவார். கல்யாணம் ஆகாதவர். தாயும் அவரும் மட்டும் இருந்தார்கள். பஞ்சர் ஒட்டப் போனபோது ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே சொன்னார்: "டீச்சர், பாட்டெல்லாம் மறந்துரும்போல இருக்குதுங்க."

"எங்கண்ணா பாடறது? அஞ்சு பேருக்கு மேல கூடக் கூடாதுன்னு உத்தரவு போட்டிருக்குதே."

"ரெண்டு பேரு கூடலாமில்லீங்க?"

அன்றைக்கே பள்ளி நோட்டு ஒன்றில் பாட்டுகளை நினைவிலிருந்து எழுத ஆரம்பித்தேன். முதல் குரலின் வரிகளில் திணறினேன். அக்காவுக்கு எழுத்துத் தெரியாது, எல்லாம் காதால் பிடித்தது. அவராகச் சேர்த்துக்கொண்ட இழுப்புகளும் வளைவுகளும் எந்த நோட்டிலும் கிடையாது. அவரிடம்தான் கேட்க வேண்டும்.

கொட்டகை வாசலில் செருப்பை விட்டுவிட்டு, அங்கே வைத்திருந்த தண்ணீரில் கை கழுவிக்கொண்டு உள்ளே போனேன். அக்கா தட்டுத் தட்டாக இலை பரப்பிக்கொண்டிருந்தார். வந்த விஷயத்தைச் சொன்னேன். கை நிற்காமல் கேட்டுக்கொண்டார்.

"பாட்டு கேக்க வந்திருக்கீங்க," என்றார் கடைசியில். "அவரு தல எப்படி இருக்குதுன்னு பாக்க வரல. ரெண்டு மாசமாச்சுங்க, டீச்சர்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "வர்றேங்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் பள்ளி விட்டதும் கீழத்தெருவுக்குள் நடந்தேன். பிறந்ததிலிருந்து அந்த ஊரில் இருந்தவள், அந்தத் தெருவுக்குள் கால் வைத்தது அன்றுதான். வாசலில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் ஓடிவந்து கூடவே நடந்தார்கள். அக்காவின் கணவர் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காது ஓரம் முடி முளைக்காமல் தழும்பு கோணலாக ஓடியது.

"என் தம்பி செஞ்சது தப்புங்க. நான் இத்தன நாள் வராததும் தப்பு," என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல், "ஒக்காருங்க" என்றார். அக்கா காப்பி கொண்டுவந்தார். குடித்தேன். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் நான் வீடு திரும்புவதற்குள் காப்பி குடித்த செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். அம்மா என் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தபோது, அவர்களும் நாங்களும் ஒரே கோயிலில் பூசை கண்டவர்கள்தானே என்று நினைத்து அழுதேன்.

அதற்கப்புறம் சனிக்கிழமைதோறும் கொட்டகைக்குப் போனேன். இலை பரப்பக் கை கொடுத்துக்கொண்டே, அடங்கிய குரலில் பாடிப் பார்ப்போம். அக்கா பாடுவதை மனசில் ஏற்றிக்கொண்டு சைக்கிள் கடைக்கு வருவேன். அங்கிருந்து இன்னும் இரண்டு வீட்டுக்கு. இருவர் இருவராக, ஒருவர் பாடும்போது மற்றவர்களின் குரலை நினைத்துக்கொண்டு பாடப் பழகினோம். எல்லாரும் ஒத்துழைக்கவில்லை. "அவங்க இல்லாமலே பாடலாமே, டீச்சர்" என்று சொல்லி எங்கள் தெருவில் மூன்று பேர் விலகிக்கொண்டார்கள். சில சனிக்கிழமை எதற்கு இந்த வேலை என்று எனக்கே அலுத்துப்போகும். கிறிஸ்துமஸுக்கும் கோயில் திறக்கவில்லை.

தை மாதம் சைக்கிள் கடை அண்ணனின் தாய் இறந்துபோனார். நான் போனதும் அண்ணன் எழுந்து வந்து, "எங்கம்மாவுக்கு எல்லாரும் பாடணுங்க. எல்லாரும்," என்றார். சாவுக்குக் கூடுவதை உத்தரவு தடுக்கவில்லை. கீழத்தெருவுக்குச் சொல்லி அனுப்பினேன்.

கல்லறைத் தோட்டத்தில் மேலத்தெருப் பக்கத்து வாசலை மறித்து என் பெரியப்பாவும் சில இளவட்டங்களும் நின்றார்கள். தம்பியும் நின்றான். அக்காவோடு ஐந்து பேர் வெள்ளைச் சேலையிலும் வேட்டியிலும் வந்தார்கள். பெரியப்பா, "நீங்க எதுக்கு வந்தீங்க?" என்றார். அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். நான் குழிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். ஓடிப்போய்க் கூட்டிவந்திருக்க வேண்டும். போகவில்லை.

பங்குச் சாமியார் ஜெபத்தை முடித்ததும் நாங்கள் நான்கு பேர் பாடத் தொடங்கினோம். முதல் குரல் இல்லாமல் என் குரல் யாரோ முனகுவதுபோல இருந்தது. இரண்டாம் அடியோடு நிறுத்திவிட்டேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் எழுந்தது. வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று நினைத்திருந்தேன். அவர்கள் தங்கள் வாசல் வழியாக வந்து சுவரோரம் நின்றிருந்தார்கள். மண் தள்ளிக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்து நின்று தன் கீழ்க்குரலைச் சேர்த்தார். தனித்தனியாகப் பழகியது சிதறாமல் வந்தது. பெரியப்பா பாட்டு முடிவதற்குள் வெளியேறினார், அவரோடு நாலைந்து பேர் போனார்கள். மற்றவர்கள் நின்றார்கள்.

வீட்டில் தம்பி கேட்டான்: "நீதான் வரச் சொன்னியா?"

"ஆமா."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மார்ச்சில், தவக்காலத்தில், பேச்சுவார்த்தை நடந்து கோயிலைத் திறந்தார்கள். இனி எந்தத் தெருவுக்கும் தேர் கிடையாது என்பதுதான் முடிவு. ஊர் அதைச் சமாதானம் என்றது. கீழத்தெரு கேட்டதை எல்லாருக்கும் இல்லை என்று சொல்லி மறுத்ததாகத்தான் எனக்குத் தோன்றியது, இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது. அக்காவின் கணவர் அதற்குப் பிறகு கோயிலுக்கு வரவேயில்லை. அவரைக் குறைசொல்ல என்னால் முடியவில்லை.

முதல் ஞாயிறு குழுவுக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். பாயைக் கரையான் தின்றிருந்தது. ஆர்மோனியத்தின் துருத்தியை எலி கடித்துவிட்டது. நோட்டு யாருக்கும் தேவைப்படவில்லை. சுருதிக்கு ஒன்றும் இல்லாததால் அக்கா எடுத்துக்கொடுக்க நாங்கள் சேர்ந்துகொண்டோம். மிக உயரத்தில் எடுத்துவிட்டார். மூன்றாவது வரியில் எங்களுக்கு எட்டவில்லை, பாட்டு நின்றுபோனது. கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"கொஞ்சம் எறக்கிப் பாடலாங்களா?" என்றார் அக்கா.

"பாடலாங்க்கா," என்றேன். முதலிலிருந்து ஆரம்பித்தோம்.