சதுக்கத்தில் அப்பா எந்தப் புள்ளி

காட்சியகக் காவலர் இரண்டாம் முறையும் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னபோதுதான் அம்மாவைக் கேட்கும் யோசனை வந்தது. போன சனிக்கிழமை, மெல்பேர்ணில், ஒரு நகரச் சதுக்கத்தின் ஓவியத்துக்கு முன்னால் நின்றேன். பின்-இம்ப்ரெஷனிசம் என்று பலகை சொன்னது. நான் அதற்குள் அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ட்ருகனினா என்ற புறநகரில் இருந்த எங்கள் பழைய வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு மேலே இதன் அச்சுப்படம் தொங்கியது. பழைய சாமான் கடையில் வாங்கியது, கண்ணாடிகூட இல்லை. நான் பள்ளியால் வரும் நேரம் அப்பா பின்னேர வேலைக்குப் புறப்படுவார். சோற்றை முடித்துக் கை கழுவுமுன்னரே படத்தில் விரலை ஊன்றுவார்.

"இஞ்ச பார், இந்தாள்தான் நான். வேலைக்குப் போறன்."

"சாப்பாட்டுப் பை எங்கயப்பா?"

"இவ்வளவு தூரத்தில பை தெரியுமே, விசரி!"

விரல் பட்ட இடத்தில் மீன்குழம்பு எண்ணெய் மஞ்சளாய் நின்றுவிடும். அம்மா ஏசுவா.

எந்த ஆள் அது? நீரூற்றுக்கு இடப்பக்கமா, வலப்பக்கமா? கிட்டப் போனால் எல்லாரும் வெறும் தூரிகை இழுப்பு. தள்ளி நின்றால் எல்லாருமே வேலைக்குப் போகிறார்கள். ஒருவேளை அப்பா நாளுக்கொருவரைக் காட்டினாரோ? அதுவும் தெரியவில்லை.

நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது அப்பா இறந்துவிட்டார். முப்பத்தோராம் நாள் சடங்குக்கு அவசரமாக ஒரு பெரிய படச்சட்டம் தேவைப்பட்டது. சதுக்கத்தின் சட்டம் அளவாக இருந்தது. அதில் அப்பாவின் படத்தைப் போட்டு மாலை சாத்தினோம். சதுக்கம் எங்கே போனது என்று நான் கேட்கவே இல்லை. ஓவியப் பைத்தியம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிபவள் நான்!

காட்சியகப் படியிலிருந்தே அம்மாவுக்கு அழைத்து, சதுக்கம் எங்கே என்று கேட்டேன்.

"அது உள்ளுக்குத்தான் கிடக்கு. அப்பான்ர படத்தை அதுக்கு மேலதான் ஒட்டினனான். நழுவும் எண்டு நல்லாப் பசை போட்டனான்."

"அப்ப எண்ணெய்க் கறையும் இருக்குமெல்லோ, அம்மா?"

"இருக்கும். கழட்டேக்க அவற்ற முகம் கிழிஞ்சா? அவர் சிரிச்ச படம் அது ஒண்டுதான்."

அந்த வீட்டை விற்றாயிற்று. மேசையும் போய்விட்டது. விரல் ஊன்றிய இடம் மட்டும் அப்பாவின் சிரிப்புக்குப் பின்னால் எங்கேயோ இருக்கிறது.

முதலில் என் பட்டமளிப்புப் படத்தை அதே பசையால் ஓர் அட்டையில் ஒட்டப்போகிறேன். நன்றாகக் காய்ந்த பிறகு, பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் நூலால் மெல்ல மெல்ல அறுத்து எடுப்பேன். என் முகம் தப்பினால் அம்மாவிடம் போவேன்.