ரொஸ்திகா தேத்தே கட்சி மாறிய கதை

உலகத்தில் மென்பொருள் எழுத எத்தனை முறைகள் உண்டோ, அத்தனையையும் கரைத்துக் குடித்தவள் எங்கள் ரொஸ்திகா அக்கா. எங்கள் ஊர் வாயில் அக்கா என்றால் தேத்தே. எங்கள் பாண்டுங்கில் எரிமலை புகைவதென்றால்கூட அவளிடம் தேதி கேட்டுவிட்டுத்தான் புகையும்.

பக்கத்து ஊரான காருட்டில் வேன் ஓட்டுபவரின் மகள். பள்ளியைப் பாதியில் விட்ட என்னை, "உடைக்கத் தெரிஞ்சவன்தான் வேணும்" என்று சோதனை வேலைக்கு எடுத்தவள். மற்றவர்கள் எழுதியதைக் குடைந்து கெடுப்பதற்குச் சம்பளம். எனக்கென்றே செய்த வேலை.

அவள் கட்சி ஸ்பிரின்ட். இரண்டு வாரம் கொஞ்சம் செய், வாடிக்கையாளரிடம் காட்டு, திட்டு வாங்கு, திருத்து. எல்லாவற்றையும் முதலிலேயே எழுதிவிட்டு, இம்மியும் மாறாமல் கட்டும் வாட்டர்ஃபால் முறையைக் கண்டாலே சிரிப்பாள்.

"பொண்ணு பார்க்கப் போறப்பவே பேரனுக்குப் பேர் வைக்கிற வேலைடா அது."

அப்படிப்பட்டவள் போன வாரம், மருத்துவமனை டோக்கன் மென்பொருளுக்கு என்னென்ன வேண்டும் என்று கடைசிவரை இப்போதே எழுதிவிடலாம் என்றாள். காலையில் பலகை முன் எல்லோரும் நின்று பேசும் கூட்டத்தில் அவள் மட்டும் நாற்காலியில். போன் வந்தால் மாடிப்படிக்கு ஓட்டம்.

"ஜகார்த்தாவுல வேலை கெடச்சிருச்சு போல," என்றான் பக்கத்து மேசை தாடாங். "எல்லாத்தையும் எழுதி வச்சுட்டுக் கெளம்பப் போறாங்க. அப்புறம் சர்டிபிகேட் இல்லாத உன்னை எவன் வச்சுக்குவான்? செப்லாக் கடையில தட்டு கழுவு."

"போனாப் போகட்டும்," என்றேன். மதியம் சோறு இறங்கவில்லை.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து பலகையில் ஒரு மஞ்சள் சீட்டை ஒட்டினேன். அவள் முகம் மாறுகிறதா பார்க்க வேண்டும்.

கூட்டத்தில் அதைச் சத்தமாகப் படித்தாள். "தேத்தேக்கு ஜகார்த்தா ரயில் டிக்கெட், போக வர." முகம் மாறவில்லை. "யாருப்பா இது?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். தாடாங் கூரையைப் பார்த்தான்.

"நான் எங்கயும் போகல. எனக்கு இது நாலாம் மாசம், போனெல்லாம் டாக்டர்தான். பிரசவத்துக்கு மூணு மாசம் வீட்டுல இருப்பேன், தெனம் நின்னு கேட்க ஆள் இருக்காது. முழுசா எழுதி வைக்காமப் போனா முதலாளி டோக்கன் வேலையை வேற குழுவுக்குத் தூக்கிக் குடுத்துடுவாரு. அப்புறம் நீங்க ஆளுக்கொரு திசை."

எல்லோரும் கைதட்டினார்கள். நான் கொஞ்சம் பலமாகவே தட்டினேன். கூட்டம் கலைந்ததும் சீட்டைக் கொண்டுவந்து என் மேசையில் ஒட்டினாள்.

"நான் எழுதல தேத்தே, சத்தியமா."

"சரி, நீ எழுதல. எழுதினவன்கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லு. சந்தேகப்பட்டவன் 'போக'ன்னு மட்டும் எழுதினாப் போதாதா? எதுக்குடா கூடவே 'வர'ன்னும் எழுதினான்?"