கண்டியில் சாப்பிட்ட சோறு

கண்டிக்குப் போகலாம் என்று சொன்னது நான்தான். அவள் கேட்கவே இல்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். இல்லாவிட்டால் கதை பாதியில் வரும்போது நான் ஏதாவது சாக்குச் சொல்லத் தொடங்கிவிடுவேன். சாக்குச் சொல்லும் புத்தி எனக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு.

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் எனக்கு மருந்து கலக்கும் வேலை. டொக்டர் ஐயா சீட்டில் எழுதியதைப் படித்து, கறுப்பு மருந்தையும் சிவப்பு மருந்தையும் போத்தலில் ஊற்றிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனாலும் கூலி லயத்தில் பிறந்த ஒருத்தன் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தொடாமல் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நடக்கிறான் என்றால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் அது சின்ன விஷயமில்லை. அவள் கொழுந்து எடுப்பவள். கல்யாணத்துக்குப் பிறகும் எடுத்தாள். தேயிலைக்கு விலை விழுந்து எல்லாத் தோட்டத்திலும் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்த சமயம். கையிலிருக்கும் வேலையை விட யாருக்கும் மனம் வராது.

எங்கள் ஜனத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரிய கங்காணி வீட்டில் விசேஷம் என்றால் எங்களுக்கும் சோறு உண்டு, வாசலுக்கு வெளியே, மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில். சாப்பிட்டு முடிந்ததும் அவரவர் இலையை அவரவரே எடுத்துப் போட்டுவிட்டு, உட்கார்ந்த இடத்தைத் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டுப் போக வேண்டும். மற்றச் சாதிக்காரர்கள் இலையை அப்படியே விட்டு எழும்பிக் கை கழுவப் போவார்கள். மருந்துப் போத்தல் பிடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து நான் அந்தப் பந்திக்குப் போவதை நிறுத்திவிட்டேன். காய்ச்சல், வயிற்று வலி என்று எதையாவது சொல்வேன். மருந்துக்காரனுக்கு வியாதிப் பெயருக்கா பஞ்சம்! அவள் போவாள். இலையை எடுப்பாள். துடைப்பாள்.

ஸ்டேஷனில் விடியற்காலைக் கோச்சி பிடித்துப் புறப்பட்டோம். அவள் சிவப்புச் சேலை கட்டி, புதுசாகத் தைத்த ரவிக்கை போட்டிருந்தாள். எனக்குக் கோட்டு. கம்பளை தாண்டியதும் அவள் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு, மகாவலியைப் பார்த்து, "இது நம்ம ஊரு ஆறுதானே? இங்க வந்ததும் எப்படி இவ்வளவு கொழுத்துப் போச்சு?" என்று கேட்டாள். நான் பெட்டியிலிருந்த மற்றவர்கள் காதில் விழுகிறதா என்று பார்த்தேன். என் புத்தி அப்போதே அப்படித்தான் இருந்தது.

கண்டியில் இறங்கியதும் அவள் வழக்கம்போல எனக்குப் பின்னால் நாலு எட்டுத் தள்ளி வந்தாள். "பக்கத்துல நட. இது தோட்டமில்ல, டவுன்" என்று அதட்டினேன். துரைமார் தங்கள் சம்சாரங்களோடு அப்படித்தான் நடப்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். வாவியைச் சுற்றிப் பாதித் தூரம் நடந்தோம். மீனுக்குப் பொரி போட்டாள். புத்தர் கோயிலான மாளிகாவையில் பூத்தட்டு ஏந்திப் போன ஒரு சிங்கள அம்மா, இவள் வெறுங்கையோடு நிற்பதைப் பார்த்து, தன் தட்டிலிருந்து நாலு பூவை எடுத்து இவள் உள்ளங்கையில் வைத்தாள். இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை பொதுவில்லை. ஆனாலும் வெகுநேரம் ஒருத்தியை ஒருத்தி பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

மார்க்கெட்டுப் பக்கம் ஒரு முஸ்லிம் கடையில் சர்பத்துக் குடித்தோம். கடைக்காரர் அலவத்துகொடக்காரர். என்னைப் பார்த்ததும் கதிரையைத் துடைத்துப் போட்டு, "வாங்கொ தம்பி, இரிங்கொ. தங்கச்சியையும் இரிக்கச் சொல்லுங்கொ" என்றார். எந்த ஊர், என்ன ஆள் என்று ஒரு கேள்வி கிடையாது. சர்பத்தில் ஊறிய கசகசா விதை நாக்கில் வழுக்குவது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மத்தியானத்துக்குச் சோறும் இறைச்சியும் தயாராக இருப்பதாகக் கடைக்காரர் சொன்னார். "நாங்க சைவம்" என்றேன் நான். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் ஆட்டுக்கறி.

அங்கேயே சாப்பிட்டிருக்கலாம். இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை மனசால் அந்தக் கதிரையில் திரும்பப் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டேன்.

ஆனால் எனக்கு வேண்டியிருந்தது வெறும் சோறு இல்லை. பெரிய வீதியில் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடை இருந்தது. டொக்டர் ஐயா கண்டிக்கு வந்தால் அங்கேதான் சாப்பிடுவார். உள் அறையில் மேசை கதிரை போட்டு வாழையிலையில் பரிமாறுவார்களாம். தோட்டத்து ஆட்களுக்குப் பின்பக்கத் தாழ்வாரம், தகரத் தட்டு. நான் அந்த உள் அறையில் உட்கார வேண்டும். ஒரு தடவை உட்கார்ந்துவிட்டால் போதும் என்று இருந்தது.

வாசலில் முதலாளி என் கோட்டையும் சப்பாத்தையும் பார்த்துவிட்டு, "ஐயாவுக்குப் பூர்வீகம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். ஊரைக் கேட்பது போலத்தான் இருக்கும், கேட்பது சாதியை. தஞ்சாவூர்ப் பக்கம் என்றேன். நிலபுலம் உள்ள குடும்பம் என்று அவர் கேட்காததையும் சேர்த்துக்கொண்டேன். பொய் வாயிலிருந்து எண்ணெய் போட்ட மாதிரி வந்தது. "உள்ளே வாங்க, உள்ளே வாங்க" என்று அவரே எழுந்து கூட்டிப் போனார்.

உள்ளே எங்களுக்கு எதிர் மேசையில் சர்க்கார் கச்சேரி உத்தியோகத்தர்கள் இரண்டு பேர், யாழ்ப்பாணத்துக்காரர்கள். "தம்பிக்கு எங்கை வேலை?" என்று கேட்டார் மூத்தவர். ஆஸ்பத்திரியில் என்றேன். அவர்கள் டொக்டர் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. சாம்பார், பூசணிக்காய்க் கூட்டு, அப்பளம் என்று ஒவ்வொன்றாக வந்தன. மலேரியாவைப் பற்றிப் பேச்சு வந்தது. டொக்டர் ஐயா சொல்லக் கேட்டதையெல்லாம் நான் என் சொந்தச் சரக்காக எடுத்து விட்டேன். அவர்கள் கேட்டுத் தலையாட்டினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது கிடையாது.

அவள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள். மலையில் வேலை செய்பவர்கள் சீக்கிரம் சாப்பிட்டுவிடுவார்கள். எனக்கு மோர் வருவதற்குள் அவள் முடித்துவிட்டாள். முடித்ததும் எழும்பினாள். இலையை மடித்து இடது கையில் எடுத்தாள். குவளையில் மீதியிருந்த தண்ணீரை மேசையில் தெளித்து, வலது உள்ளங்கையால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் பதமாக வழித்துத் துடைத்தாள். பிறகு இலையும் கையுமாக, என் இலையையும் எடுக்க வேண்டுமே என்று, சுவரோரமாக ஒதுங்கி நின்றாள். மேசையில் பரிமாறினாலும், இலை எடுக்க அங்கே ஆள் இருந்தாலும், அவளுக்குத் தெரிந்த மரியாதை அதுதான். அதை மாற்றிச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.

பரிமாறியவன் வாளியோடு அப்படியே நின்றுவிட்டான். அறையே என்னைத்தான் பார்த்தது. மூத்த உத்தியோகத்தர், "இதென்ன தம்பி, உங்கடை மனிசியே இலை எடுக்கிறா?" என்றார்.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. "சம்சாரமா? நல்லாச் சொன்னீங்க. வீட்டு வேலைக்காரிங்க. சாமான் தூக்க ஆள் வேணுமேன்னு கூட்டி வந்தேன்."

முதலாளி ஓடி வந்தார். "என்னங்க இது, வேலைக்காரியைக் கொண்டுவந்து உள்ளே உட்கார வச்சிட்டீங்க?" என்று என்னிடம் பணிவாகவும், "ஏய், பின்னால போ" என்று அவளிடம் வேறு குரலிலும் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. நான் சொன்னதைச் சரியாகத்தான் விளங்கிக்கொண்டோமா என்று பார்க்கிற பார்வை. நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அவள் பின்கதவால் போனாள்.

அப்போதாவது எழுந்திருக்கலாம். நான் எழவில்லை. மோர் வந்தது, ஊற்றிச் சாப்பிட்டேன். பாயசம் வந்தது, அதையும் குடித்தேன். மலேரியாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசினேன். பிறகு இலையை அப்படியே விட்டுவிட்டு, பெரிய மனுஷனாட்டம் கை கழுவப் போனேன்.

அவள் கடைக்குப் பின்னால் ஒழுங்கையில் நின்றாள். எனக்கு என் மேல் வந்த ஆத்திரத்தை அவள் மேல் காட்டினேன். "இலையை எதுக்கு எடுத்தே? மானம் போச்சு" என்றேன்.

"எடுக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதுங்க" என்றாள். அவ்வளவுதான்.

கோச்சிக்கு நேரம் கிடந்ததால் மறுபடியும் வாவிப் பக்கம் போனோம். இந்தத் தடவை அவள் நாலு எட்டுப் பின்னால் வந்தாள். நான் பக்கத்தில் வா என்று சொல்லவில்லை. எங்கே அந்த உத்தியோகத்தர்கள் எதிரில் வந்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டே நடந்தேன். பயந்த மாதிரியே வந்தார்கள்.

மூத்தவர் அவளைச் சுட்டிக் காட்டி, "தம்பி, நல்ல வேலைக்காரியாத் தெரியுது. எங்கடை வீட்டிலையும் மனிசிக்கு உதவிக்கு ஆள் இல்லை. இவளை எங்களோடை அனுப்புவியளோ?" என்றார். கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார். என் சம்சாரம் என்று ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் மத்தியானம் சொன்ன பொய்யெல்லாம் சரிந்து விழும். அவர் பதிலுக்காகக் காத்து நின்றார். நான் வாவியைப் பார்த்தேன்.

அவள்தான் முன்னால் வந்தாள். கையைக் கட்டிக்கொண்டு, "மன்னிக்கணுங்க. ஐயா வீட்டுல கைப்புள்ள இருக்கு. அம்மா என்னைய விட மாட்டாங்க" என்றாள். இல்லாத பிள்ளையையும் இல்லாத அம்மாவையும் எனக்காக அந்த நிமிஷத்தில் உண்டாக்கினாள். அவர்கள் "ஓம் ஓம், அப்ப சரி" என்று விடைபெற்றுப் போனார்கள். நான் அவர்களுக்குக் கும்பிடு போட்டேன்.

கோச்சியில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கம்பளை வரும்வரை நினைத்தேன். கம்பளையில் ஆட்கள் ஏறினார்கள். ஆட்கள் இருக்கிறார்களே என்று விட்டுவிட்டேன். சாக்கு எனக்கு எப்போதும் நேரத்துக்கு வந்துவிடும்.

மறுநாள் காலை, மலைத் தண்ணீர் விழும் பீலியடியில் தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் எங்கள் லயத்துக் காம்பராவின் உள்ளே கோட்டை உதறிக்கொண்டிருந்தேன். கண்டி எப்படி, வாவி எப்படி, என்ன தின்றீர்கள் என்று ஆளுக்கொரு கேள்வி. அவள் எதையும் விடாமல் சொன்னாள். மீன் பொரி தின்றதை, பூக் கொடுத்த அம்மாவை, சர்பத்து நாக்கில் வழுக்கியதை. பிறகு ஒருத்தி சோறு எங்கே என்று கேட்டாள்.

"பெரிய கடையில" என்றாள் அவள். "மேசை கதிரையில உட்கார வச்சாங்க. இவரு பக்கத்துலயே. நான் பழக்கத்துல எலையை எடுக்கப் போனேன் பாரு, இவரு கையைப் பிடிச்சு உட்கார வச்சுட்டாரு. நீ எடுக்கக் கூடாது, எடுக்க இங்க ஆள் இருக்குன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னாரு."

ஒரு கிழவி, "நம்ம ஆம்பளைகள்ல ஒருத்தனாச்சும் அப்படிச் சொன்னானே" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. நான் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். பெண்கள் குடத்தை நகர்த்தி எனக்கு வழிவிட்டு, முன்னெப்போதும் இல்லாத மரியாதையோடு ஒதுங்கி நின்றார்கள். அவள் என் முகத்தைப் பார்க்காமல் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். நான் அவர்கள் நடுவே நடந்து வேலைக்குப் போனேன்.