வெளுத்த நாற்று

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில் ஒரு தாவரவியல் ஆய்வகத்தில் நான் ஆராய்ச்சி மாணவி. அப்பாவுக்குப் பீன்யா தொழிற்பேட்டையில் லேத் வேலை. என் வழிகாட்டி மல்லேஸ்வரத்துத் தமிழர். காபி நன்றாக அமைந்த நாட்களில் மட்டும் மனிதர்.

இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகம் வாயில்லாப் பூச்சி இல்லை. தான் கெட்டுப்போனால் செல்லின் உட்கருவுக்குச் சேதி அனுப்பும். உட்கருவும் உடனே அதற்கு அனுப்பும் சாமான்களை நிறுத்திவிடும். அந்தச் சேதி எந்த வழியில் போகிறது என்று கண்டுபிடிக்க, சேதி காதில் விழாத செடி ஒன்று வேண்டும். பசுங்கணிகத்தைக் கெடுக்கும் களைக்கொல்லி கலந்த தட்டுகளில் விதைகளை முளைக்கவிட்டு, வெளுத்த பிறகும் சாமான் அனுப்பிக்கொண்டிருக்கும் நாற்றைத் தேடினேன். வருஷக்கணக்கில் தேடி ஒன்றே ஒன்று கிடைத்தது, வெள்ளை வெளேரென்று நூல் மாதிரி. படம் எடுத்துவிட்டு மருந்தில்லாத தட்டுக்கு மாற்றினேன். அது தேறிப் பச்சை பிடித்து விதை விட்டால்தான் எனக்குப் பட்டம். உதவித்தொகை அந்த வருஷத்தோடு சரி.

ஆயுத பூஜை வந்தது. அலமாரி மூலையில் இருக்கும் அந்த நாற்றுத் தட்டைத் தொடவேண்டாம் என்று முந்தின நாளே சாரிடம் சொன்னேன். தலையாட்டினார். காலையில் நான் பூ வாங்கிக்கொண்டு வருவதற்குள் அவரே அலமாரியைத் துடைத்து வைத்திருந்தார்.

"பூஜையும் அதுவுமா செத்ததெல்லாம் எதுக்கும்மா ரூம்ல? எல்லாத்தையும் ஆட்டோகிளேவ்ல போட்டு வேக வச்சாச்சு. அந்த மெஷினுக்கு ஒரு மாலை போடு."

வெளுத்ததைத் தேடு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே வாய். நீராவியில் கிருமி கொல்லும் அந்த ஆட்டோகிளேவைத் திறந்தேன். பையில் வெந்த கூழ்தான் இருந்தது. அழுகை வரவில்லை, அவர் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். இன்னொன்று தேடினால் போயிற்று என்று கையில் பொரி கொடுத்தார்.

அடுத்த மாதம் ஒரு கருத்தரங்கு. ஸ்லைடு மாற்ற என்னை உட்காரவைத்தார். எங்கோ ஓர் ஓரத்தில் கிடக்கும் பசுங்கணிகம் சொல்வதை உட்கரு எவ்வளவு கவனமாகக் கேட்கிறது என்று உருகி உருகிப் பேசினார். திரையில் என் நாற்று, நான் எடுத்த படம். கை தட்டினார்கள். சென்னையிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஒருவர், அதன் விதை கொஞ்சம் கிடைக்குமா என்று தமிழிலேயே கேட்டார்.

சார் என் பக்கம் கை காட்டினார்.

"இந்தப் பொண்ணுகிட்டதான் குடுத்து வச்சிருந்தேன். தொலைச்சிட்டா."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த ஸ்லைடு என்றார். மாற்றினேன்.